எங்கட கொம்பனிக் குடிபூரல்

அவர் எந்தக் கொம்பனிக்கு வேலைக்குப் போனாலும் முதல் நாளே அது "எங்கட கொம்பனி" ஆகிவிடும். எனக்கெல்லாம் ஒரு புது இடத்தில் கழிவறை எந்தப் பக்கம் என்று பழகவே ஒரு கிழமை எடுக்கும். அவருக்குக் கதவு திறக்கிற அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டால் போதும். எங்கட பாங்க், எங்கட பஸ்காரர், எங்கட மருந்துக் கொம்பனி. ஒருமுறை நாய்ச் சாப்பாடு விற்கிற கொம்பனி ஒன்றில் கொஞ்சக் காலம் இருந்தார். அந்தக் காலம் முழுக்க, "எங்கட நாயளுக்கு இப்ப சமன் மீன் போட்ட சாப்பாடு வந்திருக்கு, நல்ல சத்து" என்று கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். வீட்டில் நாய் கிடையாது. தெருவில் நாய் வந்தால் மற்றக் கரைக்கு மாறி நடக்கிற மனுசன் அவர்.

பெயரைச் சொன்னால் ஸ்காபுரோவில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும். அது அவருக்கு வேண்டாம். நான் அவரை அண்ணை என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னைப் பிள்ளை என்பார். ரொறன்ரோ நகர மையத்தில் ஒரு காப்புறுதிக் கொம்பனியில் நாங்கள் இரண்டு பேரும் கொன்ராக்டில் இருந்தோம். கொன்ராக்ட் என்றால், ஏஜென்சி ஒன்று எங்களைப் பிடித்துக் கொம்பனிக்குக் கொடுக்கும். கொம்பனி தேவையான மட்டும் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடும். நூலகத்துப் புத்தகம் மாதிரி. எனக்கு வேலை, மற்றவர்கள் எழுதுகிற மென்பொருளில் பிழை பிடிப்பது. பிழை பிடிப்பது எனக்குப் பிறவிக் குணம் என்பதால் அது பெரிய கஷ்டமாக இருக்கவில்லை. அவருக்கு வேலை, பழைய சிஸ்டத்தில் கிடக்கிற விபரங்களை எல்லாம் சேதமில்லாமல் புதுச் சிஸ்டத்துக்கு மாற்றுவது. வீடு மாறுகிறபோது சாமான் ஏற்றி இறக்குகிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு கரண்டி குறைந்தாலும் வீட்டுக்காரன் கத்துவான்.

அங்கே அட்டை தொங்குகிற பட்டியில் நிற வித்தியாசம் இருந்தது. பெர்மனன்ட் ஆட்களுக்கு நீலம், எங்களுக்குச் சிவப்பு. லிப்டில் ஏறினால் மனிதர் முகத்தைப் பார்க்குமுன் பட்டியைத்தான் பார்ப்பார்கள். எனக்கு அது எரிச்சல், சட்டைக்குள் விட்டு மறைத்துக்கொள்வேன். அவரோ நன்றாக அயர்ன் பண்ணிய நீளக்கைச் சட்டைக்கு மேலே, எல்லாருக்கும் தெரிய, அந்தச் சிவப்பை நேராகத் தொங்கவிட்டுக்கொண்டு நடப்பார். வாசலில் நிற்கிற காவலாளியின் பிள்ளைகள் எந்த வகுப்பில் படிக்கிறார்கள் என்பதுவரை அவருக்குத் தெரியும்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நாள் எடுத்தது. அவர் மேசையில் ஒரு சாமானும் இருக்காது. நாங்கள் எல்லாரும் மேசையில் குடும்பப் படம், கைக்கிறீம், பல்லி மாதிரி ஒட்டியிருக்கிற குறிப்புத் தாள்கள் என்று கடை பரப்பி வைத்திருப்போம். அவரிடம் ரீ குடிக்கிற கோப்பை ஒன்று இருந்தது, நீலப் பூப்போட்ட தடித்த கோப்பை. ஒவ்வொரு நாளும் காலையில் பையிலிருந்து எடுப்பார். பின்னேரம் கழுவித் துடைத்து, பழைய துவாய்த் துண்டில் சுற்றி, பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோவார்.

"அண்ணை, நாளைக்கும் வரத்தானே போறியள்? உதை இஞ்சயே வைச்சிட்டுப் போனால் என்ன?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வைக்கலாம். பேந்து எடுக்கிறதுக்கு ஒருத்தரும் உள்ள விடாயினம் பிள்ளை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். வாய் எங்கட எங்கட என்று சொல்கிறது, கை கோப்பையை வீட்டுக்குக் கொண்டுபோகிறது. இந்த மனுசன் எதை நம்புகிறார் என்று எனக்கு அன்றைக்குப் பிடிபடவில்லை.

அவருக்குச் சொந்த ஊர் என்று ஒன்று இல்லை. அப்பா தபாலதிபர், ஒவ்வொரு மாற்றத்துக்கும் குடும்பம் முழுக்க அரசாங்கக் கோட்டேர்ஸ் கோட்டேர்ஸாக மாறியிருக்கிறது. பிறகு சண்டை வந்து, மிச்சத்துக்கு அதுவும் ஓடவிட்டது. இதை அவர் சோகமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் எங்கள் ஆட்கள் விடுவார்களா? ஒரு கலியாண வீட்டில் நான் பக்கத்தில் இருக்கும்போதே ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"தம்பி எந்த ஊர்?"

அவர் நாலைந்து ஊரின் பெயரைச் சொன்னார்.

"உதெல்லாம் சரி. சொந்த ஊர் எது?"

"அப்பாவுக்கு எங்க வேலையோ, அதுதான் அங்கிள்."

"அப்ப இஞ்ச எங்க வேலை?"

"எங்கட காப்புறுதிக் கொம்பனியில."

"பெர்மனன்டோ?"

ஊர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எங்கள் ஆட்களுக்குச் சோறு இறங்காது. அவர் வடையை ஒரு கடி கடித்து, மென்று, விழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"நான் போயிடுவன் அங்கிள். ஆனால் நான் செய்து குடுக்கிற சிஸ்டம் பெர்மனன்ட். எங்கட பிள்ளையள் கிழடாகும் மட்டும் அது ஓடும்."

கேட்டவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாயசம் வருகிறதா என்று மற்றப் பக்கம் திரும்பிவிட்டார்.

கோடை வந்தால் இங்குள்ள பூங்காக்களில் ஒவ்வொரு ஊர்ச்சங்கமும் ஒன்றுகூடல் வைக்கும். கூழ் காய்ச்சும், கயிறு இழுக்கும், தலையணைச் சண்டை பிடிக்கும். அவருக்கு எந்தச் சங்கத்திலும் இடமில்லை. எங்கள் கொம்பனியும் கோடையில் ஒரு நாள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு கொடுக்கும். அதற்கும் சிவப்புப் பட்டிக்காரருக்கு அழைப்பு இல்லை. கூப்பிட்டால் நாளைக்கு நாங்களும் கொம்பனி ஆட்கள்தான் என்று சட்டம் பேசிவிடுவோமாம். அவர் அதைக் கேட்டுக் கோபப்படவில்லை. அடுத்த சனிக்கிழமை மோர்னிங்சைட் பூங்காவில் எங்கள் ரீமுக்கு ஒரு ஒன்றுகூடல் என்று எல்லாருக்கும் சொன்னார். சிவப்பு, நீலம், மனேஜர், மனேஜரின் மனுசி, ஒருவரும் மிச்சமில்லை.

அன்றைக்கு அவரும் அவருடைய மனுசியும் பெரிய கிடாரத்தில் ஒடியல் கூழ் காய்ச்சினார்கள். நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, ஒன்றும் குறையவில்லை. எங்கள் ரீமில் இருந்த சீனப் பெடியன் நண்டுக்காலை உறிஞ்சுகிற விதத்தைப் பார்த்தால் அவன் யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கடற்கரையில் பிறந்தவன் என்றுதான் சொல்வீர்கள். மனேஜர், வெள்ளைக்காரர், உறைப்பில் முகம் சிவந்து, மூக்கைத் துடைத்துத் துடைத்து இரண்டாந்தரமும் வாங்கினார். பிறகு கயிறிழுப்பு. சிவப்பு ஒரு பக்கம் நீலம் ஒரு பக்கம் என்று யாரோ பகிடியாகப் பிரித்தபோதுதான் அவர் முகம் மாறியது.

"உது வேண்டாம். ரெண்டு பக்கத்திலயும் ரெண்டும் நிக்கவேணும்" என்று தானே ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து மாற்றி விட்டார். கடைசியில் எந்தப் பக்கம் வென்றதென்று எனக்கு ஞாபகமில்லை.

அந்த மாரியில் என்னைப் பெர்மனன்ட் ஆக்கினார்கள். அவரை ஆக்கவில்லை. என்னைவிட வேலை தெரிந்தவர், என்னைவிட எல்லாருக்கும் வேண்டியவர். ஐம்பது தாண்டினவர் என்பதுதான் காரணமென்று நான் நினைக்கிறேன், ஆனால் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நீலப் பட்டியோடு அவர் முன்னால் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த நாள் அவர் ஒரு பெட்டி நிறைய றோல்ஸும் கட்லற்றும் வாங்கிக்கொண்டு வந்து, "எங்கட பிள்ளைக்குப் பெர்மனன்ட் கிடைச்சிருக்கு" என்று ஒவ்வொரு மேசைக்கும் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். ஏதோ தன் தங்கச்சிக்குச் சம்பந்தம் சரிவந்த மாதிரி.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அதை ஒருநாள் வீட்டுக்குத் திரும்பும் ரயிலில், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"பிள்ளை, ஊரில வீடு குடிபூரல் எண்டால் கட்டின மேசனைக் கூப்பிடாமல் விடுவினமோ?"

"விடமாட்டினம்."

"மேசனுக்கும் மரவேலை ஓடாவிக்கும் வேட்டி சால்வை குடுத்து, முதல் பந்தியில இருத்தித்தான் பேந்து மற்ற ஆக்களுக்கு. பால் காய்ச்சி, அது எந்தப் பக்கம் பொங்குது எண்டு பாக்கேக்குள்ள அவனும் பக்கத்தில நிப்பான். நான் இஞ்ச எத்தினை வீடு கட்டிக் குடுத்திட்டன். ஒரு குடிபூரல் நான் பாக்கேல்லை."

அவர் சொன்ன குடிபூரல், பழைய சிஸ்டத்தை மூடிவிட்டுப் புதியதைத் திறக்கிற நாள். கொம்பனிகளில் அந்த நாள் எப்போதும் தள்ளிப்போகும். கொன்ராக்ட் முடிகிற நாள் தள்ளிப்போகாது. அதனால் ஒவ்வொரு இடத்திலும் கூரை போட்டு, நிலம் மெழுகி முடித்த கையோடு அவரை அனுப்பிவிடுவார்கள். திறந்த செய்தியைப் பிறகு யாராவது சொல்லித்தான் அறிவார். தான் ஒவ்வொரு விபரமாகக் கொண்டுபோய் வைத்த வீட்டில் முதல் விளக்கு எரிகிறபோது, கட்டின ஆட்களோடு சேர்ந்து நின்று பார்க்க வேண்டும், ஒரு தரம் என்றாலும். அவ்வளவுதான் அவர் கேட்டது.

"இந்த முறை பாப்பன். எங்கட மனேஜர் நல்ல மனுசன்" என்றார். மனேஜர் நல்ல மனுசன் என்பது உண்மைதான்.

பிறகு எல்லாரையும் வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்ன காலம் வந்தது. காலையில் ரீம் முழுக்கக் கணினியில் கூடி, நேற்று என்ன செய்தோம், இன்றைக்கு என்ன செய்யப் போகிறோம் என்று ஆளுக்கு இரண்டு வசனம் சொல்லுவோம். அந்த மீற்றிங்கைத் திறந்து நடத்துகிற பொறுப்பு என்னுடையது. கொம்பனி அவருக்குக் கொடுத்த லப்ரொப்பில் ஒலி சரியில்லை. அதனால் தன் வீட்டுக் கணினியிலிருந்து, தன் சொந்த ஈமெயிலால் வருவார். வெளி ஈமெயில் என்றபடியால் நேரே உள்ளே வர முடியாது. வாசலில் ஒருவர் காத்திருக்கிறார் என்று திரையின் மூலையில் அவர் பெயர் விழும், நான் ஒரு பொத்தானை அழுத்தி உள்ளே விட வேண்டும். "குட் மோர்னிங் ரீம்" என்று வருவார். ஒரு வருசத்துக்கு மேலாக என் நாள் அப்படித்தான் தொடங்கியது.

திறப்பு நாள் வழக்கம்போலத் தள்ளிப்போனது. கொன்ராக்ட் வழக்கம்போலத் தள்ளிப்போகவில்லை. நீட்டுவார்கள் என்று கடைசி நாள் மட்டும் நம்பியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏஜென்சிக்காரன் ஃபோன் எடுத்து, இன்றோடு சரி என்றான். அவர் ஃபோனை வைக்கவும் லப்ரொப் பூட்டுப்படவும் சரியாக இருந்ததாம். மனேஜருடன் நான் கதைத்துப் பார்த்தேன். மேலிடத்தில் பணம் இல்லை என்றார். அவருக்கும் அது கவலைதான், கூழ் குடித்த நாளைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்தார்.

திங்கட்கிழமை காலை, மூலையில் அவர் பெயர் விழுந்தது. என் விரல் பழக்கத்தில் அழுத்திவிட்டது.

"குட் மோர்னிங் ரீம்."

யாராவது ஏதாவது கேட்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் கேட்கவில்லை. பாதிப் பேருக்கு அவர் போனதே தெரியாது, தெரிந்தவர்கள் நீட்டிவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள். அவர் முறை வந்தபோது, என் பக்கத்தில் இன்றைக்கு ஒன்றும் இல்லை, தடையும் ஒன்றும் இல்லை என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதைவிட உண்மையான ஒரு வசனத்தை அந்த மீற்றிங்கில் நான் கேட்டதில்லை.

முடிந்த கையோடு அவருக்கு ஃபோன் எடுத்தேன்.

"அண்ணை, என்ன இது?"

"என்ன பிள்ளை?"

"உங்கட கொன்ராக்ட் முடிஞ்சுதெல்லோ?"

"ஓம். முடிஞ்சுது."

"பேந்து ஏன் வந்தனீங்கள்?"

"காலமை சொல்லி வந்ததே. கலண்டரில எங்கட மீற்றிங் எண்டு அழைப்பு வந்திருக்கு. ஒவ்வொரு நாளும் வருது. சொன்ன வீட்டுக்குப் போகாமல் விடுறது மரியாதையோ பிள்ளை?"

கலியாணத்துக்கோ பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்குக்கோ வீடு தேடி வந்து சொல்லிவிட்டால், காய்ச்சலோடென்றாலும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருகிற ஆட்கள் நாங்கள். ஆனால் இது கணினி தன்பாட்டில் அனுப்புகிற அழைப்பு. யாரும் அவரை நினைத்து அனுப்பவில்லை. அவர் பெயரை எடுக்க மறந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதை அவருக்கு நான் விளங்கப்படுத்த வேண்டுமா? கணினியில் முப்பது வருசம் பழுத்தவருக்கு அது தெரியாதா? தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் அதைத் தொடாமல் ஃபோனை வைத்தோம்.

அந்தக் கிழமை முழுக்க அவர் வந்தார், நான் உள்ளே விட்டேன். ஒருநாள் சீனப் பெடியன், பழைய விபரங்களில் ஒரு சிக்கல் வருகிறது, காரணம் பிடிபடவில்லை என்றான். அவர் இருந்த இடத்திலிருந்து, எந்தக் கோப்பில் எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொன்னார். அவன் நன்றி சொன்னான். அவர் குரலில் அன்றைக்கு ஒரு தெம்பு இருந்தது. புது வேலை தேடுகிறாரா என்று கேட்டால், "திறந்தாப் பிறகு பாப்பம், இன்னும் கொஞ்ச நாள்தானே" என்பார்.

அடுத்த கிழமை மனேஜர் மீற்றிங்குக்கு வந்தார். அண்ணையின் குரலைக் கேட்டார். முடிந்ததும் எனக்குத் தனியாக ஃபோன் எடுத்து, அவர் எப்படி உள்ளே என்று கேட்டார். நான் மறைக்கவில்லை. பின்னேரமே பாதுகாப்புப் பகுதியிலிருந்து ஒரு ஈமெயில் வந்தது. வெளியார் ஒருவரையும் இனி உள்ளே விடக்கூடாது. அழைப்பிலிருந்தும் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. திறப்பு நாள் ஒன்றுக்கு மட்டும் அவரை விருந்தாளியாகக் கூப்பிட விடுங்கள், அரை மணித்தியாலம், வாயே திறக்கமாட்டார் என்று எழுதிக் கேட்டேன். மனேஜரும் எனக்காக எழுதினார். திரையில் வாடிக்கையாளர்களின் சொந்த விபரங்கள் இருக்கும், கொம்பனிக்கு வெளியே உள்ளவர் பார்க்க முடியாது என்று பதில் வந்தது. அவர்கள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. பிழை பிடித்தே சாப்பிடுகிற நான் அந்தப் பதிலைத் திருப்பித் திருப்பி வாசித்தேன், பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. யாரோடாவது சண்டை பிடிக்க முடிந்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அவருடைய வீட்டுக்கே போய்ச் சொன்னேன். மோர்னிங்சைட்டில், பூங்காவுக்குக் கிட்ட, பக்கத்து வீட்டோடு ஒட்டின வீடு. வாசலில் காலணி கழற்ற முதலே சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணை, இனி வராதேங்கோ. என்னால உள்ள விட ஏலாது."

"ஓம் பிள்ளை. விளங்குது."

"நான் கேட்டுப் பாத்தனான்..."

"கேட்டிருப்பீர். எனக்குத் தெரியும். வாரும், உள்ள வாரும், குளிருது."

அக்கா, அவருடைய மனுசி, எனக்குச் சாப்பாடு போட்டா. நான் வெளிக்கிடும்போது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"எத்தினை மணிக்குத் திறக்கினம்?"

"அண்ணை..."

"நான் வரேல்லை. சும்மா அறிஞ்சு வைப்பம் எண்டுதான்."

சொன்னேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணி.

அந்தச் சனிக்கிழமை எல்லாரும் நேரத்தோடு கூடிவிட்டோம். என் கண் திரும்பத் திரும்ப அந்த மூலைக்கே போனது. அங்கே ஒரு பெயரும் விழவில்லை. வராதே என்று சொன்னவள் நான்தான். ஆனாலும் வந்து நின்றிருக்கக் கூடாதா என்று இருந்தது. நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை.

ஒன்பது மணிக்கு, நாங்கள் ஒருநாளும் கண்டிராத மேலிடத்து அம்மா ஒருவர் திரையில் வந்தார். முன்னாலிருந்த தாளைப் பார்த்து வாசித்தார். கொம்பனி வெளியிலிருந்து ஆயத்தமான சிஸ்டம் ஒன்றை வாங்க முடிவெடுத்திருக்கிறது. இந்த வேலை இத்தோடு நிறுத்தப்படுகிறது. எல்லாருடைய உழைப்புக்கும் நன்றி. ரீமில் உள்ளவர்களை என்ன செய்வது என்று வரும் கிழமைகளில் அறிவிக்கப்படும். மனேஜருக்கும் அது அன்று காலையில்தான் தெரிந்திருக்க வேண்டும், அவர் கமராவை அணைத்துவிட்டார். மீற்றிங் பத்து நிமிசத்தில் முடிந்தது.

நான் கதிரையிலேயே இருந்தேன். ஃபோன் அதிர்ந்தது. அவரிடமிருந்து ஒரு படம். மின்னடுப்பின் கறுப்புக் கண்ணாடி மேல் ஒரு பால்சட்டி, அதன் ஒரு பக்கத்தால் வழிந்து புகைகிற பால். கீழே, "கிழக்குப் பக்கம் பொங்கினது" என்று எழுதியிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுவிட்டுத்தான் ஃபோன் எடுத்தேன். அந்தப் பக்கத்தில் புகை அலாரம் வீடே இடிகிற மாதிரிக் கத்திக்கொண்டிருந்தது. "துவாயால விசுக்குமப்பா, அதை நிப்பாட்டும்" என்று அக்காவும் கத்திக்கொண்டிருந்தா.

"பிள்ளை, முதல்ல சொல்லும். குடிபூந்தாச்சோ?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் யோசித்தேன். ஆனால் அவர் யாரையாவது கேட்டு எப்படியும் அறிவார்.

"இல்லை அண்ணை. நிப்பாட்டிட்டினம். வேற எங்கேயோ இருந்து வாங்கப் போகினமாம். எங்கடது இனி ஓடாது."

அலாரம் நின்றுவிட்டது. அக்கா சட்டியை இறக்குகிற சத்தம் கேட்டது.

"அப்ப எங்கட ஆக்கள்?" என்றார்.

"ஆர் அண்ணை?"

"ரீம். சீனப் பெடியனுக்கு இப்பத்தானே பிள்ளை பிறந்தது. மனேஜரை என்ன செய்வினம்? உமக்கு என்னமாம்?"

"ஒண்டும் தெரியாது. பேந்து சொல்லுவினமாம்."

"பேந்து சொல்லுவம் எண்டால்..." என்று தொடங்கி அதை முடிக்காமல் விட்டார். இந்த விஷயத்தில் அவருக்கு இருந்த அனுபவம் எங்களில் ஒருவருக்கும் இல்லை. பிறகு குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

"பிள்ளை, ஒபிசில உம்மட கோப்பை கிடக்கோ?"

"கிடக்கு. கோப்பை, குளிர்ச்சட்டை, படங்கள் எல்லாம் கிடக்கு."

"திங்கட்கிழமை போய் எடுத்துக்கொண்டு வாரும். அட்டை வேலை செய்யேக்குள்ளயே எடுத்துப்போடும்."

நான் ஓம் என்றேன்.

"பொங்கினதுபோக மிச்சப் பால் கிடக்கு. அக்கா ரீ போடுறா. வாரும்."

போனேன். மூன்று பேரும் குசினி மேசையில் இருந்து ரீ குடித்தோம். பாலில் கொஞ்சம் எரிந்த மணம் இருந்தது. அக்கா ஒரு தகட்டால் அடுப்புக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தா, அது முழுக்கப் போகவில்லை. மண்ணிற வட்டமாகப் படிந்துவிட்டது. அவர் நீலப் பூப்போட்ட கோப்பையில் குடித்தார். கொம்பனியைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை. வழியனுப்ப வாசலுக்கு வந்தபோது மட்டும், "அது நல்லாத்தான் ஓடியிருக்கும் பிள்ளை" என்றார். நான் அதைச் சோதித்தவள் என்றபடியால் எனக்கும் அது தெரியும். ஓம் அண்ணை, ஒரு பிழையும் இருக்கவில்லை என்றேன்.

எனக்கு வேலை போகவில்லை. வேறு ரீமில் போட்டார்கள். சீனப் பெடியனுக்குப் போனது. மனேஜர் தானாகவே விலகிக்கொண்டார். கோப்பையை நான் திங்கட்கிழமையே எடுத்துவிட்டேன், இன்றைக்கும் அது என் பைக்குள்தான் போய் வருகிறது. புது ஆட்கள் ஏனென்று கேட்பார்கள், சும்மா பழக்கம் என்பேன்.

அதற்குப் பிறகு நெடுங்காலம் அவரோடு கதைக்கவில்லை. போன புரட்டாதியில் திடீரென்று ஃபோன் எடுத்தார். ரொறன்ரோவுக்கு வெளியே பிறம்ரனில், ஒரு பெரிய வெயார்ஹவுஸ் கொம்பனியில் கொன்ராக்டாம். குரல் நன்றாக இருந்தது.

"எங்கட வெயார்ஹவுசை ஒருக்கா வந்து பாரும் பிள்ளை. கண்ணுக்கெட்டின மட்டும் பெட்டி. எங்கட லொறிக்காரர் எல்லாம் பஞ்சாபிப் பெடியள், தங்கமான பெடியள். பழைய சிஸ்டம் சரியான பழசு. நான் எல்லாத்தையும் மாத்திறன்."

"எப்ப அண்ணை குடிபூரல்?"

"தை மாசமாம். தை பிறந்த கையோட."

"உங்கட கொன்ராக்ட் எப்ப மட்டும்?"

பின்னால் லொறி ஒன்று பின்னுக்கு எடுக்கிற சத்தம் கேட்டது.

"மார்கழி."

அந்தச் சனிக்கிழமை திரையின் மூலையைப் பார்த்துக்கொண்டு இருந்த மாதிரியே ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார்.

"அதுக்கென்ன பிள்ளை. அடுப்பு எங்கட வீட்டிலதானே இருக்கு."